மறுபடியும் கூப்பிட வேண்டும்!

குரல் கொடுத்துப் பிழைப்பவர்களுக்கு நிலையான வருமானம் எங்கிருந்து வருகிறது?

படத்தில் கதாநாயகி கதறி அழுகிறாள். தியேட்டரில் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த அழுகை அவளுடையது அல்ல! அவளுக்குத் தமிழே தெரியாது. சென்னையில் ஒரு சின்ன அறையில், மைக்கின் முன்னால் நின்று, வேறொரு பெண் அழுத அழுகை அது.

அந்தப் பெண் யார்? படம் பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் பலருக்கு வருவதில்லை.

அவர் அழுது முடித்தார். கூலியை வாங்கினார். பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் அடுத்த மாதமும் அரிசி வாங்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். அதற்கு யாராவது மறுபடியும் கூப்பிட வேண்டும்.

கூப்பிடுவார்களா?

குரல் தொழிலில் இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இதுதான். அவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வேலை இருந்தால் பணம். வேலை இல்லாவிட்டால் பட்டினி!

"நல்ல குரல் இருந்தால் கூப்பிடுவார்கள்" என்று பலர் பதில் சொல்லுவார்கள். அது பாதி உண்மைதான். நல்ல குரல் முதல் வேலையை வாங்கிக் கொடுக்கும். இரண்டாவது வேலையை வாங்கிக் கொடுப்பது நாணயம்!

பெருகிவிட்ட வேலை

குரல் கொடுக்கும் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. 1944-ம் ஆண்டிலேயே ஏ.வி.மெய்யப்பன், "ஹரிச்சந்திரா" என்ற கன்னடப் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுக்கச் செய்து வெளியிட்டார். மக்களுக்கு அது வியப்பாக இருந்தது.

அந்தக் காலத்தில் "டப்பிங்" பெரிய பாடு. படச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வளையமாக ஒட்டி, திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். பல நடிகர்கள் ஒரே மைக்கின் முன்னால் நிற்பார்கள். ஒருவர் ஒரு சொல் தவறினாலும், எல்லோரும் முதலில் இருந்து பேச வேண்டும்!

இப்போது அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போகலாம். சிலர் வீட்டு அறையிலேயே, சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டு, பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடுகிறார்கள்.

வேலையும் பெருகிவிட்டது. பிறமொழிப் படங்கள் தமிழில் வருகின்றன. குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன்கள் தமிழ் பேசுகின்றன. விளம்பரங்கள் இருக்கின்றன. புத்தகத்தைக் கேட்பதற்கென்றே வாசித்துத் தருகிறார்கள். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று டெலிபோனில் சொல்வதும் ஒரு வேலைதான்.

வேலை பெருகியது போலவே ஆட்களும் பெருகிவிட்டார்கள். மைக் வாங்கியவர்கள் எல்லோரும் "நானும் குரல் கலைஞன்" என்கிறார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, ஏற்கெனவே வேலை செய்து காட்டிய ஒருவரைத்தான் முதலாளி முதலில் நினைக்கிறார். அந்த ஒருவர் யார்?

திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டவர்கள்

நடிகை ரோகிணியை எடுத்துக்கொள்ளலாம். மணிரத்னத்தின் "பம்பாய்" படம் 1995-ல் வந்தது. அதில் மனிஷா கொய்ராலாவுக்குத் தமிழ் பேசியவர் ரோகிணி. 1997-ல் "இருவர்" வந்தது. அதில் ஐஸ்வர்யா ராய்க்குப் பேசியவரும் அவரே. 2010-ல் வந்த "ராவணன்" படத்திலும் ஐஸ்வர்யா ராய்க்கு அவர்தான் குரல் கொடுத்தார்.

15 ஆண்டுகளில் ஒரே டைரக்டர் மூன்று முறை அதே கதவைத் தட்டியிருக்கிறார்! சென்னையில் வேறு நல்ல குரல்களுக்கா பஞ்சம்?

பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் கதையும் அதுதான். கமலஹாசன் நடித்த "மன்மத லீலை" தமிழில் 1976-ல் வந்தது. அதன் தெலுங்குப் பதிப்பில் கமலஹாசனுக்காக எஸ்.பி.பி. பேசினார். அதன் பிறகு எத்தனையோ தெலுங்குப் பதிப்புகளில் கமலஹாசனின் குரல் அவர்தான். 2008-ல் "தசாவதாரம்" வந்தது. கமலஹாசனுக்கு அதில் பத்து வேடம். தெலுங்கில் அவற்றில் ஏழு வேடங்களுக்குக் குரல் கொடுத்தவர் எஸ்.பி.பி. ஒருவரே! அதில் ஒன்று பாட்டி வேடம்!

அவர் பாட்டில் கோடி புகழ் பெற்றவர். "பின்னால் நின்று பேசுவது எனக்குக் கௌரவக் குறைச்சல்" என்று அவர் ஒதுங்கவில்லை.

வானொலி உலகில் அமீன் சயானியைச் சொல்ல வேண்டும். 1952-ல் இலங்கை வானொலியில் "பினாகா கீத்மாலா" என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஒரு பற்பசைக் கம்பெனி அதற்குப் பணம் கொடுத்தது. பற்பசையின் பெயர் மாறியது. நிகழ்ச்சியின் பெயரும் மாறியது. வானொலி நிலையமும் மாறியது. குரல் மட்டும் மாறவில்லை! 1990-களிலும் அதே குரல் அந்த நிகழ்ச்சியில் ஒலித்தது. 2024-ல் அவர் காலமானபோது, இந்தி தெரியாதவர்கள் கூட அவரை நினைத்து வருந்தினார்கள்.

அமெரிக்காவில் ஒரு வேடிக்கை மனிதர் இருந்தார். பெயர் கிளாரன்ஸ் நாஷ். பால் கம்பெனிக்கு விளம்பரம் செய்வதற்காக, குழந்தைகளுக்குப் பறவை போலவும் மிருகம் போலவும் கத்திக் காட்டியவர். அவரை வால்ட் டிஸ்னி கம்பெனி கூப்பிட்டது. 1934-ல் "டொனால்ட் டக்" என்ற கார்ட்டூன் வாத்துக்கு அவர் குரல் கொடுத்தார். 1983 வரை அந்த வாத்துக்கு அவரே பேசினார். ஒரே வாத்து! ஒரே குரல்! 49 ஆண்டுகள்!

இவர்கள் எல்லோருக்கும் குரல் வளம் இருந்தது, உண்மைதான். ஆனால் குரல் வளம் மட்டும் 15 ஆண்டும், 30 ஆண்டும், 49 ஆண்டும் ஒருவரைத் தாங்காது. "இவரிடம் வேலையைக் கொடுத்தால் கவலை இல்லை" என்று வேலை கொடுப்பவர் நம்ப வேண்டும்.

முதலாளியின் பயம்

வேலை கொடுப்பவரின் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

ஒலிப்பதிவு அறைக்கு அவர் மணிக் கணக்கில் வாடகை கொடுக்கிறார். சவுண்ட் எஞ்சினீயர் காத்திருக்கிறார். படம் வெளியாகும் தேதி நெருங்குகிறது. தலைக்கு மேல் கடன் இருக்கிறது. இந்த நேரத்தில் குரல் கொடுப்பவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால்?

அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்த ஒரு மணி நேரம் திரும்பி வராது. முதலாளி சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்து அனுப்புவார். மனதுக்குள் ஒரு கோடு போட்டுவிடுவார். அடுத்த முறை போன் வராது. ஏன் வரவில்லை என்று சொல்லவும் மாட்டார்.

இந்தத் தொழிலில் யாரும் வேலையை விட்டு நீக்குவது இல்லை. கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்!

பள்ளியும் பல்லியும்

மறுபடி கூப்பிடும்படி நடந்துகொள்ள என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, பேச வேண்டியதை முன்கூட்டியே படித்துப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர், மருந்துப் பெயர், ஆள் பெயர் எதிலாவது சந்தேகம் இருந்தால் மைக்கின் முன்னால் போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை. தவறாகப் பேசுவதுதான் வெட்கம்.

"எங்கள் பள்ளியில் சேருங்கள்" என்பது விளம்பரம். பேசுகிறவருக்கு நாக்கு வளையவில்லை. "எங்கள் பல்லியில் சேருங்கள்" என்று ஆகிவிடுகிறது. ஊரே சிரிக்கும். பள்ளிக்கூடத்துக்காரர் அழுவார்! ழ, ல, ள மூன்றும் தமிழில் குரல் கொடுப்பவருக்குச் சோறு போடும் எழுத்துக்கள்.

இரண்டாவது, குரல் ஒட்ட வேண்டும். ஓர் உதாரணம். ஒருவர் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் பத்து நிமிடப் படத்துக்குப் பேசிக் கொடுக்கிறார். இரண்டு மாதம் கழித்து, "அண்ணே, நடுவில் இரண்டு வரி மாறிவிட்டது. அதை மட்டும் பேசிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள்.

இப்போது அந்த இரண்டு வரியும் பழைய குரலோடு ஒட்ட வேண்டும். அன்று மைக்கில் இருந்து எவ்வளவு தள்ளி நின்றார்? எந்த வேகத்தில் பேசினார்? குரலைத் தாழ்த்திப் பேசினாரா, உயர்த்திப் பேசினாரா? ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். குறித்து வைக்காதவர் பத்து நிமிடத்தையும் முதலில் இருந்து பேச வேண்டி வரும். நாலணா நோட்டு வேலை, நாள் முழுவதும் செய்யும் வேலையை மிச்சப்படுத்துகிறது!

மூன்றாவது, தவறைத் திருத்துவதில் முகம் சுளிக்கக் கூடாது. தன் தவறு என்றால் காசு கேட்காமல் திருத்திக் கொடுக்க வேண்டும். கம்பெனிக்காரர் வாசகத்தையே மாற்றிவிட்டார் என்றால் அதற்குத் தனிக் கூலி. இதை வேலை தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு சொன்னால் சண்டை. முதலிலேயே சொன்னால் மரியாதை.

நான்காவது, வாயடக்கம். வாயை வைத்துப் பிழைப்பவருக்கு வாயடக்கம் மிகவும் தேவை! படத்தில் யார் கொலைகாரன் என்பது பேசியவருக்கு முன்பே தெரிந்துவிடும். அதைப் பக்கத்து வீட்டில் சொல்லக் கூடாது. பேசிய வசனத்தை செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது. ஒரு கம்பெனியைப் பற்றி இன்னொரு கம்பெனியில் புறம் பேசவும் கூடாது. இன்று அவரைப் பற்றிச் சொல்பவர் நாளை தன்னைப் பற்றியும் சொல்வார் என்பது கேட்பவருக்குத் தெரியாதா?

ஐந்தாவது, வராத வேலையை "வராது" என்று சொல்ல வேண்டும். சிறுவன் குரல் ஒருவருக்கு வராவிட்டால், "சார், இது எனக்குச் சரிப்படாது. இன்னார் நன்றாகச் செய்வார்" என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு ஒரு கூலி போகும். ஆனால், "இவர் ஏமாற்ற மாட்டார்" என்ற பெயர் வரும். அந்தப் பெயர் பல கூலிகளைக் கொண்டுவரும்.

வேலை முடிந்த பிறகும் ஞாபகப்படுத்தலாம். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து. புதிதாகச் செய்த வேலையில் ஒரு மாதிரி. அது போதும். தினமும் காலையில் "வேலை இருக்கிறதா, சார்?" என்று கேட்டால், போனை எடுக்கவே மாட்டார்!

சும்மா பேசிக் கொடுக்கலாமா?

புதியவர்களிடம் சிலர் ஆசை காட்டுவார்கள். "தம்பி, இந்த ஒரு வேலையைச் சும்மா செய்து கொடு. அடுத்த வேலையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்."

இதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். இலவசமாக வாங்கியவர் மறுபடியும் வருவார். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இலவசத்துக்குத்தான் வருவார்! காசு கேட்ட அன்று இன்னொரு தம்பியைத் தேடிப் போய்விடுவார்.

மாதிரிக்கு நாலு வரி பேசிக் காட்டலாம். அது துணிக்கடையில் துணியை விரித்துக் காட்டுவது போல. ஆனால் புடவையையே சும்மா கொடுக்கும் கடைக்காரர் உண்டா? நியாயமான கூலியை வாயைத் திறந்து கேட்பவரைத்தான் நாளடைவில் முதலாளிகளும் மதிக்கிறார்கள்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது

குரல் கொடுப்பவருக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நிறுத்துவது நியாயம் ஆகாது. வேலை கொடுப்பவருக்கும் கடமை உண்டு.

பேசும்போது "இன்றைக்கே வேண்டும்" என்கிறார்கள். பணம் கொடுக்கும்போது "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்கள். ஆறு மாதம் நடக்க வைப்பவர்களும் உண்டு. நல்ல கலைஞரை மறுபடியும் கூப்பிட வேண்டும் என்று நினைப்பவர் முதல் தடவையே கூலியைச் சரியாகக் கொடுக்க வேண்டும். கலைஞரும் மனதுக்குள் கோடு போடுவார் அல்லவா?

பெயர் போடுவதும் கடமைதான். திரையில் லைட் பிடித்தவர் பெயரும் வருகிறது. சாப்பாடு போட்டவர் பெயரும் வருகிறது. வரட்டும், அது நல்லதுதான். கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவர் பெயரும் படிக்கிற அளவில் வர வேண்டும். தமிழ்நாடு அரசு திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரல் கொடுப்பவருக்கும் விருது உண்டு. அரசாங்கம் மதிக்கும் தொழிலைப் பட முதலாளி மறைப்பது சரியா?

இயந்திரம் பேசுகிறது!

இப்போது ஒரு புதிய போட்டி வந்திருக்கிறது. கம்ப்யூட்டரே மனிதனைப் போலப் பேசுகிறது! ஒருவர் பேசிய பதிவைக் கொடுத்தால், அவர் பேசாத சொற்களையும் அவர் குரலிலேயே பேசிக் காட்டுகிறது.

இதைக் கண்டு உலகம் முழுவதும் குரல் கலைஞர்கள் கலங்கி இருக்கிறார்கள். 2023-ல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முக்கியமான கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. 2024 ஜூலையில், வீடியோ விளையாட்டுகளுக்குக் குரலும் நடிப்பும் கொடுப்பவர்கள் அமெரிக்காவில் வேலையை நிறுத்தினார்கள். "எங்கள் குரலை எங்களைக் கேட்காமல் இயந்திரத்துக்குக் கொடுக்காதே" என்பதுதான் அவர்களுடைய வழக்கு. அது 2025-ல்தான் தீர்ந்தது.

தமிழ்நாட்டிலும் இயந்திரக் குரல் வந்துவிட்டது. 2024-ல் வந்த "லால் சலாம்" படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரகுமான் ஒரு பாட்டில் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அதற்கு அவர்களுடைய குடும்பத்தாரின் சம்மதத்தைப் பெற்றதாகவும், அவர்களுக்குப் பணம் கொடுத்ததாகவும் அவர் அறிவித்தார். இறந்தவர் குடும்பத்தைக் கேட்பது முறை என்றால், உயிரோடு இருப்பவரைக் கேட்பது எவ்வளவு அவசியம்!

ஆகவே, இனிமேல் குரல் கொடுப்பவர்கள் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் குரல் எந்த வேலைக்கு? எவ்வளவு காலத்துக்கு? இதை இயந்திரத்துக்குக் கொடுக்கலாமா, கூடாதா? வாய்ப் பேச்சை நம்பிக் குரலைக் கொடுத்துவிட்டால், மறுபடியும் கூப்பிட வேண்டிய தேவையே முதலாளிக்கு இல்லாமல் போய்விடும்!

சில வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அதை மறைத்துப் பயன் இல்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வதற்கும், கடை திறக்கும் நேரத்தைச் சொல்வதற்கும் மனிதர் தேவைப்படாமல் போகலாம்.

ஆனால், "இந்த இடத்தில் அம்மா கோபமாகப் பேசினாலும், உள்ளே பாசம் இருக்க வேண்டும்" என்று டைரக்டர் சொல்வார். அதைக் கேட்டதும் தன் தாயை நினைத்துக்கொண்டு பேசுகிறவர் மனிதர். "சார், இந்த வரி தமிழில் ஒட்டவில்லை. இப்படி மாற்றலாமா?" என்று கேட்டு, படத்தைக் காப்பாற்றுகிறவரும் மனிதர்தான். அப்படிப்பட்ட ஆளுக்கு வேலை இருக்கிறது. ஏனோதானோ என்று பேசிவிட்டுப் போகிறவரின் இடத்தைத்தான் இயந்திரம் முதலில் பிடிக்கும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

"என் மகளுக்கு நல்ல குரல். சினிமாவில் சேர்க்கலாமா?" என்று கேட்கும் பெற்றோர் பலர். சேர்க்கலாம். ஆனால் குரலுக்குத் தேன் கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. சத்தமாகத் தமிழ் படிக்கப் பழக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போகப் பழக்க வேண்டும். கணக்கு எழுதப் பழக்க வேண்டும். தவறு செய்தால் ஒப்புக்கொள்ளப் பழக்க வேண்டும்.

குரல் பிறவியில் வருவது. அதற்கு யாரும் பெருமைப்பட வேண்டியது இல்லை. நாணயம் பழக்கத்தில் வருவது. அதை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

குரல் ஒருநாள் தளரும். அன்றைக்கும், "அவரையே கூப்பிடுங்கள்" என்று யாராவது சொன்னால், அவர்தான் இந்தத் தொழிலில் ஜெயித்தவர்!